கம்பளியில் விரியும் புறாமலை: ஃபெல்ட் ஓவியத்தில் பாசிமணியும் கைத்தையலும் சேர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கம்பளி இழையின் மேற்பரப்பு தன்மீது விழும் ஒளியைச் சிதறடித்து மங்கலாக்கிவிடும். கண்ணாடி மணியோ அதே ஒளியை ஒரு புள்ளியாகத் திரட்டித் திருப்பி அனுப்பும். ஃபெல்ட் ஆக்கிய, அதாவது நெய்யாமல் இழைகளையே ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிய, கம்பளி ஓவியத்தின்மீது மணியும் நூலும் வைத்துத் தைப்பவர் உண்மையில் கையாள்வது இந்த வேறுபாட்டைத்தான். ஆகவே, சாறி பிளவுஸின் கழுத்துக்கும் கைக்கும் மணி தைத்துப் பழகியவர்கள் இவ்வேலையைத் தொடங்கும்போது முதலில் கைவிட வேண்டியது, இடைவெளி விடாமல் நிரப்பும் பழக்கத்தை. பட்டுத்துணியில் நெருக்கமாக நிரப்பிய மணி செழிப்பாகத் தோன்றும். கம்பளியில் அது கம்பளியையே மூடிவிடும். மூடிய பிறகு அடியில் இருப்பது கம்பளியா சாக்கா என்பதுகூடப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இவ்வழிகாட்டி ஒரு குறிப்பிட்ட படைப்பை முன்வைத்து எழுதப்படுகிறது. திருகோணமலையின் நிலாவெளிக் கரைக்கு அப்பால் இருக்கும் புறாமலை என்னும் சிறு தீவைச் சூழ்ந்த, ஆழங்குறைந்த முருகைக்கற்பாறையை (பவளப்பாறையை) 25 சென்ரிமீற்றர் அகலமும் 35 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட சுவர்ப்படமாகச் செய்வதே அது. இக்கலைக்குத் தேவையான மூன்றும் அந்தக் கடலடியில் இயல்பாகவே இருக்கின்றன: மங்கிய நீர்ப்பரப்பு, கரடுமுரடான முருகைக்கல், அங்கங்கே நடுங்கும் ஒளி. ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் தணிந்து நீர் தெளிந்திருக்கும் காலத்தில் படகிற் சென்று பார்த்து, நிறங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருவது எந்தப் புகைப்படத்தையும்விடப் பயன் தரும். புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இடம் என்பதால், அங்கிருந்து சிப்பியையோ முருகைக்கல் துண்டையோ எடுத்துவந்து படத்தில் பதிக்கும் எண்ணத்துக்கே இடமில்லை. அத்தகைய துண்டு கம்பளிக்குத் தாங்காத பாரமும்கூட.

கம்பளியை இனங்காணுதல்

திருகோணமலைக் கடைகளில் 'வூல்' என்ற பெயரில் விற்கப்படும் பின்னல் நூற்பந்துகளில் பெரும்பாலானவை அக்கிரிலிக் ஆகும். அக்கிரிலிக் நூலால் தைக்கலாம், பின்னலாம்; ஆனால் அதை ஃபெல்ட் ஆக்கவே முடியாது. ஆட்டுமயிரின் ஒவ்வொரு இழையின்மீதும் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் சவர்க்காரமும் சேர்ந்து அச்செதில்களைத் தூக்கிவிட, தேய்க்கும் அசைவில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பின்வாங்க முடியாமல் இறுகுகின்றன. செயற்கை இழையில் செதில் இல்லாததால் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஐயம் இருந்தால் ஒரு சிறு துண்டை இடுக்கியாற் பிடித்துத் தீயில் காட்டிப் பார்க்கலாம். கம்பளி மெதுவாக எரிந்து, மயிர் கருகும் மணத்தைத் தந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும்; அக்கிரிலிக் உருகிச் சொட்டி, ஆறியபின் கடினமான கறுப்பு உருண்டையாக நிற்கும். சொட்டும் துளி தோலைச் சுட்டுவிடும் என்பதால் இச்சோதனையை நீர் வைத்த பாத்திரத்தின் மேலேயே செய்ய வேண்டும்.

நூலாக முறுக்கப்படாத, சீவிய மெரினோ கம்பளியை இணையவழியாக வரவழைப்பதே பெரும்பாலும் வழி. இந்த அளவுப் படத்துக்குச் சுமார் 60 கிராம் அடிப்படைக் கம்பளியும், நிறங்களுக்காகச் சிறு சிறு கற்றைகளும் போதும். செலவைக் குறைக்க விரும்புவோர், பழைய துணி விற்கும் இடங்களில் கிடைக்கும் வெளிநாட்டுக் கம்பளிச் சுவெற்றர்களின் சீட்டைப் பார்த்து, முழுக் கம்பளி என்று போட்டிருப்பதை வாங்கி, வெந்நீரில் அடித்துத் துவைத்துச் சுருக்கி அதையே அடித்தளமாகக் கொள்ளலாம். 'சூப்பர்வோஷ்' என்று குறிக்கப்பட்ட கம்பளி மட்டும் வேண்டாம். இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காதிருக்க அதன் செதில்களை முன்பே நீக்கியோ பூசி மூடியோ இருப்பார்கள்.

அடித்தளம் அமைத்தல்

ஈரமுறையில் கம்பளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். ஆகையால் 25க்கு 35 அளவில் முடிய வேண்டிய படத்துக்கு 36க்கு 50 சென்ரிமீற்றர் பரப்பில் கம்பளியைப் பரப்ப வேண்டும். கற்றையிலிருந்து மெல்லிய இதழ்களாக இழுத்து, முதற் படையைக் கிடையாகவும் இரண்டாவதை நெடுக்காகவும் மூன்றாவதை மீண்டும் கிடையாகவும் அடுக்குக. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை தெரியும் இடங்களுக்கு இன்னொரு இதழ் வையுங்கள். மேற்படையில்தான் கடல் வரும்: மேலே மணல் கலந்த வெளிர்பச்சை, நடுவில் மயிற்பச்சை, கீழே கருநீலம். இரு நிறங்கள் சந்திக்கும் எல்லையில் இரண்டையும் கையால் இழுத்துக் கலந்து வைத்தால் மட்டுமே நீர் நீராகத் தோன்றும். இல்லையேல் கொடித்துணி போலக் கோடு விழுந்துவிடும்.

பழைய நுளம்பு வலைத் துண்டொன்றால் அடுக்கை மூடி, சீவிய சவர்க்காரம் கரைத்த சுடுநீரைத் தெளிக்க வேண்டும். நீர் கை பொறுக்கும் சூட்டின் மேல் எல்லையில் இருப்பது நல்லது. கன்னியா வெந்நீர்க் கிணற்று நீர் அதற்குச் சற்றுக் குறைவு என்பதை அங்கு குளித்தவர்கள் அறிவார்கள். முதலில் அழுத்தம் இல்லாமல் உள்ளங்கையால் தடவி, இழைகள் பற்றிக்கொள்ளத் தொடங்கியபின் வட்டமாகத் தேய்க்கலாம். இரு விரலால் மேற்பரப்பைக் கிள்ளித் தூக்கும்போது தனி இழை எழாமல் முழுத்துணியும் எழுந்தால் வலையை எடுத்துவிட்டு, மூங்கிற்பாயில் சுருட்டி நான்கு திசையிலிருந்தும் மாறி மாறி உருட்டிச் சுருக்குக. இறுதியில் தெளிந்த நீரில் சவர்க்காரம் போகும்வரை அலசி, கடைசி நீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்தால், எஞ்சிய காரம் நீங்கும். பிழியாமல் துவாயிற் சுருட்டி நீரை எடுத்து, நிழலில் மட்டமாக விரித்து உலர்த்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பகலிலேயே உலர்ந்துவிடும். மாரியில் மின்விசிறியின்கீழ் வைத்தாலும் நாட்கள் பிடிக்கும். அரைகுறையாக உலர்ந்த கம்பளியில் தைப்பது பூஞ்சணத்துக்கு நாமே அழைப்பு விடுப்பதாகும். கம்பளி தன் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் உலர்ந்ததாகவே தோன்றும். ஆகவே கையை நம்பாமல் இன்னும் ஒரு நாள் பொறுப்பதே பாதுகாப்பு.

உலர்ந்தபின், முருகைக்கல்லின் திரளான உடலைக் கொளுக்கி ஊசியால் (பக்கங்களில் நுண்ணிய கொளுக்கிகள் வெட்டிய ஃபெல்ட் ஊசியால்) குத்தி எழுப்ப வேண்டும். தடித்த கடற்பஞ்சின்மேல் படத்தை வைத்து, 38ஆம் இலக்க ஊசியை நேராக இறக்கி நேராக எடுங்கள். சாய்த்து நெம்பினால் ஊசி முறியும். குத்தும் வேலை அனைத்தும் மணி தைக்குமுன் முடிந்துவிட வேண்டும் என்பதில் விதிவிலக்கு இல்லை. பின்னர் குத்தினால் மணி உடையும், ஊசி உடையும், தைத்த நூலும் அறும்.

பின்துணியும் சட்டமும்

பெரும்பாலான வழிகாட்டிகள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தப் படிதான் படைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மணி கோத்த நூலை ஃபெல்ட்டில் மட்டும் பிணைத்தால், மணியின் பாரமும் நூலின் இறுக்கமும் சேர்ந்து காலப்போக்கில் கம்பளியை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். மணிவரிசை தொய்யும், ஃபெல்ட் சுருக்கம் விழும். எனவே ஒவ்வொரு தையலும் கம்பளியைக் கடந்து பின்னால் உள்ள ஒரு பருத்தித் துணியைப் பிடிக்க வேண்டும். முன்பே நனைத்துச் சுருக்கிய, நெருங்கிய நெசவுள்ள பருத்தித் துணியை ஃபெல்ட்டைவிட எல்லாப் பக்கமும் 8 சென்ரிமீற்றர் பெரிதாக வெட்டி, நடுவிலிருந்து வெளிப்புறமாக, 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக நீண்ட ஓட்டத் தையல் போட்டு இணையுங்கள். காலருக்கு வைக்கும் ஒட்டுக் கன்வஸ் இதற்கு ஏற்றதல்ல. அதன் பசை ஊசியில் அப்பிக்கொள்வதோடு, ஒட்டுவதற்கான சூடும் அழுத்தமும் ஃபெல்ட்டின் உப்பலைத் தட்டையாக்கிவிடும்.

வட்டச் சட்டத்துள் ஃபெல்ட்டையே நெருக்கினால் அதன் தடம் அழியாமல் நிற்கும். அதற்குப் பதிலாக, பெரிதாக விட்ட பருத்தி விளிம்புகளை நான்கு மரச்சலாகை கொண்ட சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். அப்போது இழுவிசை முழுவதும் பருத்தித் துணிமீதே விழ, கம்பளி அதன்மேல் இளைப்பாறிக் கிடக்கும்.

மயிர் எழுந்த பரப்பில் பென்சிலும் காபன் தாளும் பிடிக்காது. வடிவத்தை மெல்லிய தாளில் வரைந்து, தாளை ஃபெல்ட்டின்மேல் ஊசியால் நிறுத்தி, கோடுகளின்மீது சிறிய ஓட்டத் தையல் போட்டபின் தாளைக் கிழித்தெடுப்பதே நம்பகமான வழி. ஓரிரு கோடுகளே வேண்டுமெனில் தையற்காரரின் சுண்ணக்கட்டி போதும்.

நூல் வேலை

முதலில் தடித்த கம்பளி நூல், அடுத்து பருத்தி நூல், கடைசியில் மணி என்ற வரிசை மாறக்கூடாது. முந்திக்கொண்டு தைத்த மணியில் பின்னால் வரும் நூலெல்லாம் சிக்கும். ஆங்கர், டி.எம்.சி. போன்ற ஆறு இழைப் பருத்தி நூலில் ஓரிழையோ ஈரிழையோ எடுத்துத் தைத்தால் கம்பளி அதை விழுங்கிவிடும். குறைந்தது மூன்று இழை வேண்டும். நான்கானால் இன்னும் நல்லது. இழைகளை ஒவ்வொன்றாக உருவி மீண்டும் சேர்த்துக் கோத்தால் முறுக்கு நீங்கி நூல் படர்ந்து நிற்கும். முறுக்கிய பேர்ல் நூலில் 5ஆம், 8ஆம் இலக்கங்கள் ஃபெல்ட்டுக்கு மிகப் பொருந்தும். கண் பெரிதாகவும் நுனி கூராகவும் உள்ள செனில் ஊசி இருந்தால், நூல் கம்பளியினூடாக உராயாமல் செல்லும். நூல் 45 சென்ரிமீற்றரைவிட நீண்டால் கம்பளி அதைத் தேய்த்துப் பிசிறாக்கும்.

எந்தத் தையல் எங்கே என்பதைக் கடலடியே சொல்லும். மான்கொம்புபோல் கிளைவிடும் முருகைக்கல்லுக்கு இறகுத் தையல். அதன் கவைகள் இருபுறமும் மாறி மாறிப் பிரிவதால், கொஞ்சம் ஒழுங்கு தவறித் தைத்தால் இன்னும் இயல்பாக இருக்கும். மூளைவடிவ முருகைக்கல்லின் வளைந்து நெளியும் மேடுகளுக்கு, தடித்த கம்பளி நூலைப் பரப்பின்மேல் வளைத்து வைத்து, மெல்லிய நூலால் ஒவ்வொரு 4 மில்லிமீற்றருக்கும் குறுக்கே பிடித்துத் தைக்கலாம். தடித்த நூல் துணிக்குள் புகவே இல்லாததால் ஃபெல்ட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. எனது பார்வையில் கம்பளிக்கென்றே பிறந்த தையல் இதுதான். நீரில் அசையும் பாசிக்குக் காம்புத் தையலும், மணற்பரப்புக்கு ஒன்றையொன்று தொடாத விதைத் தையலும் போதும்.

பிரெஞ்சு முடிச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஃபெல்ட்டில் அது அடிக்கடி காணாமற் போகும். நூலை ஊசியில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் சுற்றி, ஊசி மேலே வந்த துளைக்குள்ளேயே மீண்டும் இறக்காமல் ஒரு மில்லிமீற்றர் தள்ளி இறக்க வேண்டும். அந்த இடைவெளியே முடிச்சைத் தாங்கும் பாலம். சுற்றை விரலால் பரப்போடு பிடித்துக்கொண்டு ஊசியை இழுத்து, முடிச்சு பரப்பைத் தொட்டவுடன் நிறுத்துங்கள். மேலும் இறுக்கினால் அது கம்பளிக்குள் மூழ்கும். பெரிய முடிச்சு வேண்டுமானால் சுற்றைக் கூட்டாமல் நூலின் இழையைக் கூட்டுவதே முறை. ஒரே நிறத்தின் மூன்று சாயல்களில், ஓரத்தில் ஐதாகவும் நடுவில் நெருக்கமாகவும் முடிச்சுகளை இட்டால் முருகைக்கல்லின் கரடான தோல் கைக்கும் கண்ணுக்கும் கிடைக்கும்.

மணியைத் தெரிவு செய்தல்

பாசிமணியின் இலக்கம் கூடக்கூட மணி சிறிதாகும். 15/0 சுமார் 1.5 மில்லிமீற்றர், 11/0 சுமார் 2, 8/0 சுமார் 3, 6/0 சுமார் 4 மில்லிமீற்றர் குறுக்களவு கொண்டவை. இப்படத்துக்கு 11/0 முதன்மை, 8/0 சிறிது, 15/0 நுனிகளுக்கு மட்டும். யப்பானின் மியுகி, தோஹோ மணிகள் அளவில் ஒத்திருக்கும். செக் மணிகளில் சிறு வேறுபாடு இருக்கும். முருகைக்கல்லுக்கு அந்த வேறுபாடே அழகு என்பதால் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பிளவுஸ் வேலைக்கு விற்கப்படும் மணிகளும் பயன்படும். ஆனால் வாங்கியவுடன் சிலவற்றை ஈரப் பஞ்சில் அழுத்தியும், சிலவற்றை ஒரு வாரம் வெயிலில் வைத்தும் சாயம் போகிறதா என்று பாருங்கள். உலோகப் பூச்சு மேலே ஏற்றிய மணிகளில் வியர்வையும் உப்புக்காற்றும் பூச்சைத் தின்றுவிடும். கரையோர ஊரில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

நிறத்தைவிட மணியின் தன்மை முக்கியம். ஒளி ஊடுருவும் மணி தன் அடியிலுள்ள கம்பளியின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும்: வெளிர்பச்சைமேல் நீர்த்துளி போல நிற்பது, கருநீலத்தின்மேல் மறைந்தே போகும். ஊடுருவாத மணி எங்கும் தன் நிறத்தைக் காட்டும். மெருகு நீக்கிய மணி கம்பளியோடு ஒன்றிப்போய், நூல்முடிச்சுக்கும் மின்னும் மணிக்கும் இடையில் பாலமாக உதவும். துளையின் உட்புறம் வெள்ளி பூசிய மணியே மிகப் பலமாக ஒளிரும். அதை மிளகாய்த்தூளைப் போல் அளந்துதான் போட வேண்டும்.

தைக்குமுன் மணிகளைப் படத்தின்மேல் தளர்வாகத் தூவி, பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். கடலடியில் ஒளி மேலிருந்து வருகிறது; ஆகவே முருகைக்கல்லின் மேல்விளிம்புகளில் மணி இருக்கலாம், அடிப்புறத்தில் இருக்கக்கூடாது. மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மணி ஏறினால் சிலவற்றை அகற்றலாம் என்பது எனது அளவுகோல்.

மணி தைத்தல்

11/0 மணிக்கு 10ஆம் இலக்க மணி ஊசியும், 15/0 மணிக்கு 12ஆம் இலக்கமும் தேவை. நூலுக்கு மணிவேலை நைலோன் நூல் சிறந்தது. கிடைக்காவிட்டால் பொலியஸ்ரர் தையல் நூலைத் தேன்மெழுகில் இருமுறை இழுத்துப் பயன்படுத்தலாம். மீன்பிடிப் பொருட்கடைகளில் கிடைக்கும் தங்கூசியை (ஒற்றையிழை நைலோன் தூண்டில் நூலை) வாங்க வேண்டாம்: அது வளையாமல் துள்ளும், வெயிலில் நொறுங்கும். ஆனால் அதே கடைகளில் விற்கும் மெல்லிய பின்னல் தூண்டில் நூல் வேறு வகை. மணிவேலைக்காரர்கள் விரும்பும் ஃபயர்லைனும் முதலில் தூண்டிலுக்காகச் செய்யப்பட்டதே. 0.15 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த தடிப்பில் கிடைத்தால், விளிம்பு கூரான குழல்மணிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வழுக்கும் நூலாதலால் முடிச்சை நம்பாமல், பின்துணியில் மூன்று சிறு பின்தையல் போட்டுப் பூட்ட வேண்டும்.

தனிமணிக்கு, ஊசியை மேலே எடுத்து மணியைக் கோத்து, மணியின் அகலத்துக்குச் சரியாகத் தள்ளி இறக்கி, மீண்டும் ஒருமுறை அதே மணியினூடாகச் செல்ல வேண்டும். மிக அருகில் இறக்கினால் மணி எழுந்து நின்று துளை தெரியும்.

வரிசைக்குப் பின்தையல் முறை ஏற்றது. நான்கு மணி கோத்து, கோட்டின்மேல் படுக்கவைத்து, நான்காவதன் முடிவில் ஊசியை இறக்குங்கள்; இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மேலே வந்து, மூன்றாவது, நான்காவது மணிகளினூடாக மீண்டும் சென்று அடுத்த நான்கைக் கோக்கலாம். வளைவு கூடிய இடத்தில் நான்குக்குப் பதில் இரண்டிரண்டாக எடுக்க வேண்டும். வரிசை முடிந்தபின் தொடக்கத்திலிருந்து எல்லா மணிகளினூடாகவும் ஒரே நூலை மீண்டும் ஓட்டினால், பல்வரிசை கோணியதுபோல் இருந்தது நேராகிவிடும்.

முருகைக்கல்லின் நுனிகளுக்குக் கிளைத்தையல் போடலாம். ஐந்து மணி கோத்து, கடைசி மணியை மட்டும் விட்டு, மற்ற நான்கினூடாகத் திரும்பி வந்து, தொடங்கிய இடத்திலேயே இறங்குங்கள். விடுபட்ட மணி நுனியில் பூட்டாக நிற்கும். உயரத்தை மாற்றி மாற்றி, இடைக்கிடையே பிரெஞ்சு முடிச்சுகளும் கலந்து தைத்தால் மணி எங்கே முடிந்து நூல் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். சமிக்கி வைக்க விரும்பினால் அதன்மேல் ஒரு 15/0 மணியைக் கோத்து அதே துளையால் திரும்புக. ஆனால் பிளாஸ்ரிக் சமிக்கியின் பளபளப்பு கம்பளியோடு சேராது என்பதால் மீனின் கண்ணுக்கு ஒன்று போதும். குழல்மணியின் இரு முனையிலும் ஒவ்வொரு பாசிமணி வைத்தால் அதன் கூர்விளிம்பு நூலை அறுக்காது.

ஏறக்குறைய பத்து மணிகள் தைத்தபின் ஒவ்வொரு முறையும் பின்புறத்தில் நூலைப் பூட்டுங்கள். எப்போதாவது நூல் அறுந்தால் இழப்பு அந்தப் பத்தோடு நிற்கும். நூலை இழுக்கும் அளவையும் கவனிக்க வேண்டும்: மணி பரப்பின்மீது அமர வேண்டுமே தவிர, ஃபெல்ட்டில் குழி விழக்கூடாது.

முடித்தலும் மாட்டுதலும்

ஃபெல்ட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காமல், நீராவியை மட்டும் பின்புறத்திலிருந்து சற்றுத் தூரத்தில் காட்டி, ஆறும்வரை அசைக்காமல் விடுங்கள். பின்னர் சட்டத்திலிருந்து பிரித்து, பருத்தி விளிம்புகளை அமிலமற்ற கடினமான அட்டையின் பின்னால் மடித்து, எதிர் விளிம்புகளை ஒன்றோடொன்று நூலால் இழுத்துப் பிணைக்கலாம். பசை வேண்டாம், அது மஞ்சளாகும், பின்னால் பழுதுபார்க்கவும் விடாது. கண்ணாடி போட்டே ஆகவேண்டுமானால், மணியின் உச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையில் குறைந்தது ஒரு சென்ரிமீற்றர் இருக்கும்படி உட்சட்டம் வைத்து, பின்பலகையைக் காற்றுப் புகாதபடி ஒட்டாமல் விடுங்கள்.

கடற்கரை வீட்டில் பேணுதல்

நேர்வெயில் படாத, ஆனால் பக்கவாட்டு வெளிச்சம் விழும் உட்சுவரே நல்ல இடம். ஒக்டோபர் முதல் சனவரி வரை வாடையும் மழையும் வரும்போது வெளிச்சுவர்கள் ஈரம் குடிக்கும். அப்போது சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோடும். உப்புக்காற்றில் ஊசிகளும் துருப்பிடிக்கும். மூடியுள்ள சிறு போத்தலில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் பிழைக்கும். துருவேறிய ஊசி வெளிர் கம்பளியில் விட்ட கறையை எதனாலும் எடுக்க முடியாது.

தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுக. கம்பளியின் புரதத்தை உண்ணும் அந்துப்பூச்சியின் புழுக்கள் இருட்டும் அசைவின்மையும் உள்ள இடத்தையே தேடும் என்பதால், மாதம் ஒருமுறை படத்தை இறக்கிப் பின்புறத்தைப் பார்ப்பதே முதற் காவல். வேப்பிலையை நம்பி அலமாரியில் பூட்டி வைப்பதைவிட அது பயன் தரும். புழுவோ அரித்த தடமோ தென்பட்டால், படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, மெல்லிய தாளில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் காற்றை வெளியேற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் சைபருக்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின், பொதி முழுவதும் அறைவெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் பையைத் திறக்கக்கூடாது. முன்கூட்டியே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த மணிகளிலும் கம்பளியிலும் நீராகப் படியும்.